பெட்ரோல் இல்லையா? கரி இருக்கே! – பழைய பஸ்களை ஓடவைத்த மதுரை டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரின் கதை

இன்ஸ்டாகிராமில் கார் வீடியோ பார்ப்பவர்களுக்கு ‘ரெஸ்டோமாட்’ என்ற வார்த்தை புதுசு இல்லை. 1960-களில் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ., செவர்லே கமாரோ மாதிரியான ஒரு பழைய அமெரிக்க ‘மசில் கார்’ எங்கேயாவது ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்கும். அதை எடுத்துவந்து, வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவார்கள். கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வரும். டிரம் பிரேக் போய் டிஸ்க் பிரேக் வரும். பார்க்கப் பழசு, ஓட்டினால் புதுசு.

பணம் இருப்பவர்களின் பொழுதுபோக்கு இது. ஆனால் இதே வேலையை, பொழுதுபோக்காக இல்லாமல் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யவேண்டிய நிலை மதுரையில் ஒருமுறை வந்தது. இரண்டாம் உலகப் போர் நேரம். பஸ் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. இன்ஜின் இருக்கிறது, டயர் இல்லை. புது வண்டிக்கு வழியே இல்லை. இருக்கிற பழைய வண்டியில் புதுப் பாகங்களைப் பொருத்தி ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் நின்றுவிடும்.

அப்போது வண்டிகளை ஓடவைத்தவர்களில் முக்கியமானவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற 3 எழுத்துக்குச் சொந்தக்காரர். அவர் ஒரு காரைக்கூட முழுசாகத் தயாரித்ததில்லை. இருந்தும், இந்தியாவின் வாகன உதிரிபாகத் தொழிலைப் பற்றிப் பேசினால் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஏன்?

*டி.வி.எஸ். என்பதன் விரிவு என்ன?*

‘டி’ என்பது திருக்குறுங்குடி. ‘வி’ என்பது வேங்கரம். ‘எஸ்’ என்பது சுந்தரம். நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் வைணவத் திருத்தலம் திருக்குறுங்குடி. அங்கே 1877 மார்ச் 22-ம் தேதி பிறந்தார் சுந்தரம்.

அப்பாவின் ஆசை மகன் வக்கீலாக வேண்டும் என்பது. மகனும் வக்கீல் தொழிலில்தான் தொடங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை, அதற்குப் பிறகு ஒரு வங்கியில் வேலை. அன்றைய நடுத்தரக் குடும்பம் கனவு கண்ட மூன்று வேலைகளையும் பார்த்துவிட்டார். மூன்றையும் விட்டுவிட்டார்.

கையில் இருக்கும் சம்பளத்தை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குவதை இன்று ‘ஸ்டார்ட்-அப்’ என்று கொண்டாடுகிறோம். அன்று அது குடும்பத்துக்கே கவலை தரும் விஷயம். அதே நெல்லைச் சீமையில், 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனார் 1908-ல் சிறைக்குப் போனார். கம்பெனியும் நொடித்துப்போனது. உள்ளூர்க்காரர் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தலைமுறையின் கண்முன்னே இருந்த உதாரணம் அதுதான்.

சுந்தரம் அய்யங்கார் கடலுக்குப் போகவில்லை. ரோட்டைத் தேர்ந்தெடுத்தார்.

*ஏன் மதுரை? ஏன் பஸ்?*

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை நகரத்தில் சுமார் 1.34 லட்சம் பேர் இருந்தார்கள். மீனாட்சி அம்மன் கோயில், ஹார்வி மில், பருத்தி, தானியம், துணி வியாபாரம் என்று தென் மாவட்டங்களின் பெரிய சந்தை அதுதான்.

ரயில் 1870-களிலேயே மதுரைக்கு வந்துவிட்டது. ஆனால் ரயில் போகும் ஊர்கள் சில, போகாத ஊர்கள் பல. மேலூருக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. போடிக்கு ரயில் போனது 1928-ல்தான். நத்தம், உசிலம்பட்டி, கம்பம் பக்கத்துக் கிராமத்துக்காரர் அன்று மதுரைக்கு வர மாட்டுவண்டி, ஜட்கா, இல்லையென்றால் நடை.

வரைபடத்தில் பார்த்தால் மதுரையைச் சுற்றி நாலா பக்கமும் சாலைகள் விரிகின்றன. வடக்கே திண்டுக்கல், கிழக்கே மேலூர், சிவகங்கை, தெற்கே திருமங்கலம், மேற்கே உசிலம்பட்டி. மலை குறுக்கிடாத சமவெளி. மோட்டார் ஓட்ட இதைவிட வசதியான நிலம் கிடைக்காது. ரயில்வேயில் வேலை பார்த்த மனிதருக்கு, ரயில் எங்கே போகவில்லை என்பது தெரியாமலா இருக்கும்?

டி.வி.எஸ். குழுமம் தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது 1911. மதுரையின் முதல் பஸ் சேவை என்று பெயர் வாங்கியது சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய சேவைதான். பஸ்களும் லாரிகளும் பெருகியபோது ‘சதர்ன் ரோடுவேஸ்’ என்ற பெயரில் அவை ஓடின.

*எத்தனை குதிரைத்திறன் என்பதா, எத்தனை மணிக்கு என்பதா?*

மசில் காரில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை குதிரைத்திறன் என்பது. பஸ்ஸில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மணிக்கு வரும் என்பது. சுந்தரம் அய்யங்காரின் பெயர் நிலைத்தது இந்த இரண்டாவது கேள்விக்கு அவர் கொடுத்த பதிலில்.

அந்தக் காலத்துத் தனியார் பஸ் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். வழியில் கை காட்டினால் நிற்கும். ரிப்பேர் ஆனால் அன்றைய பயணம் அவ்வளவுதான். டி.வி.எஸ். பஸ் இதற்கு நேர்மாறு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது மதுரைப் பக்கம் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது.

நேரம் தவறாமை நல்ல குணம் மட்டுமில்லை, அது இன்ஜினியரிங்கும்கூட. ஒரு பஸ் தினமும் சரியான நேரத்துக்கு வர வேண்டும் என்றால், எந்தப் பாகம் எப்போது கெடும் என்று தெரிந்திருக்க வேண்டும். கெடுவதற்கு முன்பே அதை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குப் பாகம் கையில் இருக்க வேண்டும். மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும் வேண்டும். ஆக, நேரத்துக்கு ஓடும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு உதிரிபாக ஸ்டோர், கணக்கு எழுதும் ஒரு நோட்டு எல்லாமே இருந்தாக வேண்டும்.

அந்த நாளில் பஸ்ஸின் பெரிய எதிரி இன்ஜின் இல்லை, ஆணி. மாட்டுவண்டிகள் ஓடிய அதே ரோட்டில்தான் பஸ்ஸும் ஓடியது. மாட்டின் குளம்பில் அடித்த லாடம் தேய்ந்து, லாட ஆணிகள் ரோட்டில் கழன்று விழும். காற்றடித்த டயருக்கு அதைவிட வேறு வினை வேண்டாம். காந்தம் பொருத்திய ஒரு வண்டியை முன்னால் ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்கிய பிறகே டி.வி.எஸ். பஸ்களை விட்டார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரனாக இருப்பதைவிட, பஞ்சரே ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம். அவருடைய தொழில் முறைக்கு இந்தக் கதையைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

*சேஸிஸ் அமெரிக்காவில் இருந்து, பாடி இங்கே*

அந்தக் காலத்தில் பஸ் என்று முழுசாக ஒரு பொருள் வெளிநாட்டில் இருந்து வந்து இறங்காது. இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, சக்கரம் இவற்றோடு கூடிய ‘சேஸிஸ்’ மட்டும் வரும். அதன் மேல் மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்தி, சீட்டு போட்டு ‘பாடி கட்டுவது’ உள்ளூர் ஆட்கள். இன்று கரூரில் நடக்கும் அதே வேலை.

எனவே, அன்று ஓடிய ஒவ்வொரு பஸ்ஸும் கலப்புதான். இதயம் வெளிநாடு, உடம்பு உள்ளூர். தச்சரும் கொல்லரும் டின்கரும் சேர்ந்துதான் அதை பஸ் ஆக்கினார்கள். ரெஸ்டோமாட் செய்பவர் பழைய பாடிக்குள் புது இன்ஜினைத் திணிக்கிறார். இவர்கள் வந்த இன்ஜின் மேல் தங்கள் ஊருக்கு ஏற்ற பாடியை ஏற்றினார்கள்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் அசெம்பிளி ஆலை தொடங்கியது. பெட்டிகளில் வந்த பாகங்களை அங்கே பூட்டி செவர்லே கார்களாகவும் லாரிகளாகவும் வெளியே விட்டார்கள். அவற்றைத் தெற்கே விற்றவர்களில் முக்கியமான நிறுவனம் சுந்தரம் அய்யங்காருடையது. 1950-களில் அவருடைய ‘சுந்தரம் மோட்டார்ஸ்’ ஜெனரல் மோட்டார்ஸின் மிகப்பெரிய விநியோகஸ்தர் என்ற இடத்தில் இருந்தது. உதிரிபாக வியாபாரத்துக்கென்றே ‘மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ்’ வந்தது.

கார் விற்றால் ஒருமுறைதான் பணம். பாகம் விற்றால் அந்தக் கார் ஓடும்வரை பணம். அதைவிட முக்கியம், பாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஜனங்கள் காரையே வாங்குவார்கள். இந்தக் கணக்கை அந்தக் குடும்பம் பின்னாளில் மறக்கவே இல்லை.

*கரியில் பஸ் ஓடுமா?*

ஓடும். ஓடியது.

1942-ன் தொடக்கத்தில் மலேயா ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது. இந்தியாவுக்குப் பெட்ரோல் வந்த முக்கிய வழிகளில் ஒன்று பர்மா. ரப்பர் உலகத்துக்கே வந்தது மலேயாப் பக்கத்தில் இருந்து. இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் அடைந்தன. மிச்சம் இருந்த பெட்ரோல் ராணுவத்துக்குப் போக, மக்களுக்கு ரேஷன்.

மெட்ராஸ் மாகாணத்தில் இந்தத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் வடிவமைத்துத் தயாரித்ததுதான் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’. பெட்ரோல் இன்ஜினைக் கரிவாயுவில் ஓடவைக்கும் கருவி.

இப்படிப்பட்ட கருவிகள் வேலை செய்யும் விதம் இதுதான். பஸ்ஸின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ ஓர் உருளைத் தொட்டி இருக்கும். அதில் மரக்கரியை நிரப்பி அடியில் நெருப்பு வைப்பார்கள். காற்றை அளவாக மட்டும் விடுவார்கள். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும், அதனால் பிரயோஜனம் இல்லை. காற்று குறைவாக இருந்து, அந்த வாயு மேலே இருக்கும் செக்கச்சிவந்த கரிக்குள் புகுந்து வந்தால் கார்பன் மோனாக்சைடாக மாறும். கரியில் இருக்கும் ஈரத்தில் இருந்து கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். இந்த இரண்டும் எரியக்கூடியவை.

அந்த வாயு சூடாக, சாம்பலும் தூசியுமாக வெளியே வரும். அப்படியே இன்ஜினுக்குள் விட்டால் சிலிண்டர் தேய்ந்துபோகும். அதனால் முதலில் குளிரவைக்க வேண்டும். பிறகு வடிகட்ட வேண்டும். கார்பரேட்டருக்குப் பதிலாக ஒரு மிக்ஸர் வழியாகக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் அனுப்ப வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் பழையதே. மாறுவது எரிபொருள் வரும் பாதை மட்டும்.

தோராயமாக ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்ய ஒன்றரை கிலோ கரி வேண்டும். மதுரைக்குத் தெற்கே விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுவது இன்றுவரை நடக்கிற தொழில். கடல் தாண்டி வரவேண்டிய எரிபொருளுக்குப் பதிலாக, உள்நாட்டு மரத்தில் கிடைக்கும் எரிபொருள்.

*சக்தி குறைந்ததா, கூடியதா?*

நன்றாகவே குறைந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

கரிவாயுவில் பாதிக்கு மேல் நைட்ரஜன். அது எரியாது, சும்மா இடத்தை அடைக்கும். அதனால் பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போய்விடும். சமவெளியில் சமாளிக்கலாம். மேடு வந்தால் வண்டி திணறும்.

இழந்ததில் கொஞ்சத்தை மீட்க வழிகள் உண்டு. கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாக எரியும், அதனால் ஸ்பார்க் கொடுக்கும் நேரத்தைச் சற்று முன்னால் தள்ளவேண்டும். அது சீக்கிரம் ‘நாக்’ ஆகாது என்பதால் இன்ஜினின் கம்ப்ரெஷனைக் கூட்டலாம். கேட்க எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஸ்பார்க் டைமிங்கை மாற்றுவது, கம்ப்ரெஷனைக் கூட்டுவது, காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைச் சரிசெய்வது — மசில் கார் இன்ஜினை ‘டியூன்’ செய்பவர்கள் இன்று லேப்டாப்பில் செய்யும் வேலை இதுவேதான். அவர்கள் வேகத்துக்காகச் செய்கிறார்கள். அன்று பஸ் நகர்ந்தால் போதும் என்பதற்காகச் செய்தார்கள்.

சிரமங்களும் உண்டு. காலையில் கிளம்புவதற்கு முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். வழியில் கரி போட வேண்டும். சாம்பலைத் தட்ட வேண்டும். ஃபில்டரைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு மணமில்லாத விஷம், மூடிய ஷெட்டில் கசிந்தால் உயிர் போகும். டிரைவர், கிளீனர் வேலையோடு கொல்லுப்பட்டறை வேலையும் சேர்ந்துகொண்டது.

ஐரோப்பாவிலும் போர்க்காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. அங்கே பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. இங்கே ஒரு பஸ் கம்பெனி தன் ஒர்க்‌ஷாப் அனுபவத்தை வைத்து அந்த இடத்தை நிரப்பியது. 30 வருடமாக பஸ்ஸைப் பிரித்துப் பூட்டிய கைகள் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

டயருக்கும் இதே வழிதான். தேய்ந்த டயரைத் தூக்கிப்போடாமல், மேல்பகுதியைச் சுரண்டி, புது ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றி எடுத்தால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். இந்த ‘ரீட்ரெடிங்’ வேலைக்கும் அவர் ஆலை தொடங்கினார். பழைய டயர், புது ரப்பர். பழைய இன்ஜின், புது எரிபொருள். தட்டுப்பாடு இருந்த இடமெல்லாம் அந்த நிறுவனத்துக்கு ஒரு புதுத் தொழில் முளைத்தது.

*வீட்டுக்குள் நடந்தது என்ன?*

வண்டியில் மாற்றத்தை ஏற்றுக்கொள்வது சுலபம். வீட்டில்?

அவருடைய மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். அன்றைய வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம். கணவர் இறந்துபோக, இளம் வயதிலேயே தனியானார். விதவையை மூலையில் உட்காரவைத்த காலம் அது. ஆனால் பெற்றோர் அவரைப் படிக்க ஊக்கப்படுத்தினார்கள். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார் சௌந்தரம்.

அதோடு கதை முடியவில்லை. காந்தியின் சீடரான ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள அவர் விரும்பினார். விதவை மறுமணம், அதுவும் சாதி தாண்டி. மகளைப் படிக்கவைத்த பெற்றோருக்கே இதை ஏற்க முடியவில்லை. காந்தி இருவரையும் ஒரு வருடம் பிரிந்திருந்து பார்க்கச் சொன்னார். முடிவு மாறவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது.

1947-ல் அந்தத் தம்பதி திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியில் தொடங்கியதுதான் காந்திகிராமம். இன்று அங்கே பல்கலைக்கழகமே இருக்கிறது. பழைய வண்டியில் புதுப் பாகத்தைப் பொருத்தத் தயங்காத மனிதருக்கும், பழைய வழக்கத்தை மாற்றும்போது தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தைத் தாண்டிப் போனவர் மகள்.

*ஜெனரல் மோட்டார்ஸ் போன பிறகு?*

சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே தயாரிக்கத் திட்டம் இருப்பவர்கள்தான் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் பம்பாய் ஆலையை மூடியது. ஃபோர்டும் கிளம்பியது.

மிகப்பெரிய விநியோகஸ்தருக்கு விற்கக் காரே இல்லாமல் போனால் என்ன செய்வார்? அடுத்த வருடம், 1955 ஏப்ரல் 28-ம் தேதி, கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். வயது 78.

பதில் சொல்லவேண்டிய பொறுப்பு மகன்களிடம் வந்தது. அவர்கள் எடுத்த முடிவு, அப்பாவின் ஸ்டோர் ரூமில் இருந்தே வந்தது மாதிரி இருந்தது. கார் தயாரிக்கும் போட்டிக்குள் போக வேண்டாம். எந்தக் கார், எந்த லாரி ஓடினாலும் தேவைப்படும் பாகங்களைச் செய்யலாம்.

1960-களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. பெரும்பாலும் பிரிட்டிஷ் தொழில்நுட்பக் கூட்டில் தொடங்கியவை.

• வீல்ஸ் இந்தியா – சக்கரங்கள்
• பிரேக்ஸ் இந்தியா – பிரேக்குகள்
• லூகாஸ்-டி.வி.எஸ். – ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்பாகங்கள்
• சுந்தரம்-கிளேட்டன் – கனரக வண்டிகளுக்கான ஏர் பிரேக்
• சுந்தரம் ஃபாசனர்ஸ் – போல்ட், நட்டு

வண்டி வாங்கக் கடன் கொடுக்க 1954-லேயே சுந்தரம் ஃபைனான்ஸ் வந்துவிட்டது. லாரி வாங்கக் கடன், ஓட்ட சக்கரம், நிறுத்த பிரேக், இறுக்க போல்ட். ஒரு வண்டியைச் சுற்றி இருக்கும் எல்லாமே அதில் அடங்கிவிட்டது, வண்டியைத் தவிர.

*பஸ்கள் என்ன ஆயின?*

1972-ல் தமிழக அரசு பெரிய தனியார் பஸ் நிறுவனங்களின் வண்டிகளை அரசுடைமை ஆக்கியது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. குடும்பத்தின் முதல் தொழில், 60 வருடம் கழித்துக் கையை விட்டுப் போனது.

கம்பெனி பஸ்ஸை மட்டுமே நம்பி இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் பாகங்கள் பஸ்ஸைவிடப் பெரிய தொழிலாகிவிட்டன. அரசு பஸ்ஸுக்கும் பிரேக் வேண்டும், சக்கரம் வேண்டும் இல்லையா?

பஸ் போனாலும் பெயர் போகவில்லை. மதுரையில் டி.வி.எஸ். நகர், திருச்சியில் டி.வி.எஸ். டோல்கேட், புதுக்கோட்டையில் டி.வி.எஸ். கார்னர். கண்டக்டர்கள் தினமும் அந்தப் பெயர்களைக் கூவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

*இன்று நாம் இப்படி வண்டியை மாற்றலாமா?*

அப்பாவின் பழைய அம்பாசடரையோ தாத்தாவின் ஜாவாவையோ எடுத்துப் புது இன்ஜின் போடலாம் என்று யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இன்ஜின் மாற்ற வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சி.என்.ஜி., எல்.பி.ஜி., எலெக்ட்ரிக் கிட் பொருத்த வேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும்.

சக்தியைக் கூட்டுவதற்கு முன் பிரேக்கைக் கூட்டு என்பது ரெஸ்டோமாட் செய்பவர்களின் முதல் பாடம். 100 குதிரைத்திறனுக்குச் செய்த டிரம் பிரேக், 400 குதிரைத்திறனை நிறுத்தாது. சட்டத்தின் கவலையும் அதுதான்.

*வட்டம் எப்படிச் சுற்றியது?*

1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட், மதுரைச் சமவெளியில் மாட்டுவண்டி செய்த வேலையைச் செய்தது. பால் கேன், வாழைத்தார், நெல் மூட்டை, ஒரு குடும்பம் எல்லாமே அதன் மேல் ஏறின. கடைசியில் அந்தக் குடும்பம் முழு வண்டியையும் தயாரித்துவிட்டது.

2020-ல் டி.வி.எஸ். மோட்டார், 1898-ல் தொடங்கிய பிரிட்டனின் ‘நார்ட்டன்’ பைக் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பழைய பெயர், புது இன்ஜினியரிங். கம்பெனியையே ரெஸ்டோமாட் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சுந்தரம் அய்யங்காரின் கணக்கைச் சரியாகக் காட்டுவது வேறு ஒரு சின்னப் பொருள். 1990-களில், பேரன் சுரேஷ் கிருஷ்ணா நடத்திய சுந்தரம் ஃபாசனர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி தயாரித்துக் கொடுக்கத் தொடங்கியது. சிறந்த சப்ளையர் விருதையும் அந்த நிறுவனத்திடமே பல முறை வாங்கியது. ஜி.டி.ஓ.வையும் கமாரோவையும் உலகத்துக்குக் கொடுத்த அதே ஜெனரல் மோட்டார்ஸ். ஒரு காலத்தில் அவர்கள் பெட்டியில் அனுப்பிய பாகங்களை மதுரையில் விற்றார் தாத்தா. பேரன் காலத்தில் பாகம் இங்கிருந்து அங்கே போனது.

ரேடியேட்டர் மூடி சின்னதுதான். அது சரியாக மூடாவிட்டால் 400 குதிரைத்திறன் இன்ஜினும் கொதித்து நடுரோட்டில் நின்றுவிடும்.